மேனேஜரை மாற்றலாமா, வைத்துக்கொள்ளலாமா? லீட்ஸ் இறங்கிய சீசனில் நான்கு அணிகள், நான்கு முடிவுகள்

2023 மே 3ஆம் தேதி காலையில் இங்கிலாந்து கால்பந்தின் மேல்மட்டத் தொடரான பிரீமியர் லீக் புள்ளிப் பட்டியலின் அடிப்பகுதி எப்படி இருந்தது என்பதை நான் அடிக்கடி எடுத்துப் பார்ப்பேன். லெஸ்டர் சிட்டி 30, லீட்ஸ் யுனைடெட் 30, நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட் 30, எவர்டன் 29. நான்கு அணிகளும் 34 ஆட்டம் முடித்திருந்தன. ஆளுக்கு நான்கு ஆட்டம் மிச்சம். கடைசி மூன்று இடத்தில் இருப்பவர்கள் கீழ் லீக்கான சாம்பியன்ஷிப்புக்கு இறங்க வேண்டும். கடைசி இடத்தில் இருந்த சவுத்தாம்ப்டனின் கதை கிட்டத்தட்ட முடிந்துவிட்டது. ஆக, இந்த நான்கு பேரில் இரண்டு பேர் போவார்கள், இரண்டு பேர் தப்புவார்கள்.

அந்த நான்கு ஆட்டங்களில் ஃபாரஸ்ட் எடுத்தது 8 புள்ளி. எவர்டன் 7. லெஸ்டர் 4. லீட்ஸ் 1.

இப்போது இதே வரிசையில் அந்த அணிகளின் மேனேஜர்கள், அதாவது தலைமைப் பயிற்சியாளர்கள், எவ்வளவு காலமாகப் பொறுப்பில் இருந்தார்கள் என்று எழுதிப் பாருங்கள். ஃபாரஸ்டில் ஸ்டீவ் கூப்பர், ஒன்றரை வருடத்துக்கு மேல். எவர்டனில் ஷான் டைச், மூன்று மாதம். லெஸ்டரில் டீன் ஸ்மித், மூன்று வாரம். லீட்ஸில் சாம் அலர்டைஸ், அன்றைக்குத்தான் வந்தார்.

நான்கே அணி, நான்கே ஆட்டம். இதை வைத்து விதி எழுத முடியாது என்பது எனக்கும் தெரியும். லீட்ஸுக்கு மிச்சமிருந்த நான்கில் ஒன்று மான்செஸ்டர் சிட்டியின் மைதானத்தில், இன்னொன்று அந்த சீசனில் நான்காம் இடம் பிடித்த நியூகாசிலோடு. இருந்தாலும் ஒரே சீசனில், ஒரே குழியில் இருந்து, நான்கு நிர்வாகங்கள் நான்கு வேறு வழியைத் தேர்ந்தெடுத்தது அபூர்வம். அணி கீழே போய்க்கொண்டிருக்கும்போது மேனேஜரை என்ன செய்வது என்ற கேள்விக்கு இதைவிட நல்ல பாடப்புத்தகம் எனக்குத் தெரியவில்லை. அதனால் நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். நடுவில் லீட்ஸ்தான், ஏனென்றால் இருந்த வழிகள் எல்லாவற்றையும் ஒரே சீசனில் முயன்று பார்த்தது அந்த அணிதான்.

லீட்ஸின் பிப்ரவரி

கொஞ்சம் பின்னால் போக வேண்டும். 16 வருடம் கீழ் லீக்குகளில் கிடந்த லீட்ஸை 2020இல் மேலே கொண்டுவந்தவர் அர்ஜென்டினாக்காரர் மார்செலோ பியெல்சா. முதல் வருடமே 59 புள்ளியோடு ஒன்பதாம் இடம். இரண்டாம் வருடத்தில் தற்காப்பு பிய்ந்துபோனது. 2022 பிப்ரவரியில் மட்டும் 20 கோல் வாங்கினார்கள். அவரை அனுப்பிவிட்டு அமெரிக்கரான ஜெஸ்ஸி மார்ஷைக் கூட்டிவந்தார்கள். மார்ஷ் கடைசி நாளில் பிரென்ட்ஃபோர்டை 2-1 என்று வென்று அணியைக் காப்பாற்றினார். அந்தக் கோடையில் ரஃபீன்யா பார்சிலோனாவுக்குப் போனார், கால்வின் ஃபிலிப்ஸ் மான்செஸ்டர் சிட்டிக்குப் போனார். அந்தப் பணத்தில் வந்தவர்கள் பெரும்பாலும் மார்ஷின் ஆட்கள். பிரெண்டன் ஆரன்சனும் ராஸ்முஸ் கிறிஸ்டென்சனும் அவரிடம் சால்ஸ்பர்கில் ஆடியவர்கள். டைலர் ஆடம்ஸ் அவருடைய நியூயார்க், லைப்சிக் காலத்துச் சிஷ்யர்.

அதில் தப்பில்லை. ஒரு மேனேஜரின் ஆட்ட முறையை நம்பினால் அதற்கேற்ற ஆட்களை வாங்கத்தான் வேண்டும். 2022 ஆகஸ்டில் செல்சியை சொந்த மைதானமான எல்லண்ட் ரோட்டில் 3-0 என்று உதைத்தபோது அது சரியாகத்தான் தெரிந்தது. அக்டோபர் 29ஆம் தேதி லிவர்பூலின் மைதானமான ஆன்ஃபீல்டில், ஆட்டம் முடியப்போகும் நேரத்தில் சமர்வில் கோல் போட்டு லிவர்பூலை 2-1 என்று வென்றபோது அதைவிடச் சரியாகத் தெரிந்தது.

அப்புறம்தான் சிக்கல். ஏழு லீக் ஆட்டம் வெற்றியில்லாமல் போனது. ஆனால் அந்த ஏழுக்கு நடுவில் வீரர்களை வாங்கி விற்கும் ஜனவரி ட்ரான்ஸ்ஃபர் காலம் வந்தது. அதில் லீட்ஸ் என்ன செய்தது? சால்ஸ்பர்கில் இருந்து மார்ஷுக்குத் தெரிந்த மாக்ஸ் வோபரை வாங்கியது. ஹாஃபன்ஹைமில் இருந்து ஜோர்ஜினியோ ரட்டரை, கிளப் வரலாற்றிலேயே அதிக விலைக்கு வாங்கியது. யுவென்டஸில் இருந்து இன்னொரு அமெரிக்கர் வெஸ்டன் மெக்கெனியைக் கடனுக்கு எடுத்தது. மார்ஷுக்குத் துணையாக கிறிஸ் அர்மாஸையும் கொண்டுவந்தது. ஜனவரி 31 அன்று கடை சாத்தியாயிற்று. பிப்ரவரி 5 அன்று ஃபாரஸ்ட் மைதானத்தில் 1-0 தோல்வி. பிப்ரவரி 6, திங்கட்கிழமை, மார்ஷ் போய்விட்டார்.

எனக்கு இந்த ஆறு நாள் இன்றைக்கும் ஜீரணமாகவில்லை. ஒருவருக்காக வீட்டையே மாற்றிக் கட்டிவிட்டு, சுண்ணாம்பு காய்வதற்குள் அவரை வெளியே அனுப்பினால் வீடு யாருக்கு?

சரி, அனுப்பியாயிற்று. அடுத்தவர் யார்? அங்கேதான் இன்னும் பெரிய ஓட்டை. அடுத்தவர் யாரும் தயாராக இல்லை. ஒரு காலத்தில் பியெல்சாவுக்கு உதவியாளராக இருந்த கார்லோஸ் கோர்பெரான் வெஸ்ட் ப்ராமில் புது ஒப்பந்தம் போட்டுக்கொண்டார். ராயோ வாயகானோவில் இருந்த அந்தோனி இராயோலாவைக் கேட்டார்கள், கிடைக்கவில்லை. ஃபெயனூர்டில் இருந்த ஆர்னே ஸ்லாட்டைக் கேட்டார்கள், அவர் அங்கேயே இருக்கிறேன் என்று சொல்லிவிட்டார். அந்த வருடமே ஃபெயனூர்டுக்கு லீக் பட்டம் வாங்கிக் கொடுத்தார்.

ஆட்களைத் தேர்ந்தெடுப்பதில் லீட்ஸின் கண் மோசமில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். இராயோலா பின்னால் போர்ன்மத்துக்கு வந்து நன்றாகச் செய்தார். ஸ்லாட் 2024-25இல் லிவர்பூலோடு பிரீமியர் லீக்கையே வென்றார். ஆனால் தேடியது அடுத்த மூன்று வருடத்துக்கான ஆளை. கையில் இருந்ததோ 18 ஆட்டம். நடு சீசனில், தன் அணி நன்றாக ஆடிக்கொண்டிருக்கும்போது, எந்த நல்ல இளம் மேனேஜர் எழுந்து வருவார்? வர முடியாத ஆட்களையே கேட்டுக்கொண்டிருந்ததில் 15 நாள் போனது.

அந்த 15 நாளும் அணி 21 வயதுக்குட்பட்டோர் அணியின் பயிற்சியாளர் மைக்கேல் ஸ்குபாலா கையில். முதல் ஆட்டமே மான்செஸ்டர் யுனைடெட்டின் மைதானமான ஓல்டு டிராஃபர்டில். ஒரு நிமிடம் ஆவதற்குள் லீட்ஸின் நோன்டோ கோல் போட்டார். இடைவேளை முடிந்ததும் இன்னொன்று விழுந்து 2-0. கடைசியில் 2-2. அந்த ராத்திரி ஸ்குபாலாவே போதும் என்று பலருக்குத் தோன்றியிருக்கும், எனக்கும் தோன்றியது. நான்கு நாள் கழித்து அதே மான்செஸ்டர் யுனைடெட்டிடம் சொந்த ஊரில் 2-0 தோல்வி. அடுத்த சனிக்கிழமை எவர்டன் மைதானத்தில் 1-0 தோல்வி. மூன்று ஆட்டம், ஒரு புள்ளி.

எவர்டன் அதே வேலையைச் செய்த விதம்

அந்த 1-0 ஆட்டத்தில் எதிர்ப்பக்கம் நின்றவர் ஷான் டைச். இரண்டு முடிவுகளை ஒப்பிடுவதற்கு அந்த ஒரு மாலை போதும் என்று தோன்றுகிறது.

எவர்டன் ஜனவரியில் லீட்ஸைவிட மோசமாக இருந்தது. 20 ஆட்டத்தில் 15 புள்ளி, 19ஆம் இடம். ஜனவரி 21 அன்று வெஸ்ட் ஹாமிடம் தோற்றதும் 23ஆம் தேதி பிராங்க் லாம்பார்டை அனுப்பினார்கள். 30ஆம் தேதி டைச் வந்தார். அடுத்த லீக் ஆட்டம் பிப்ரவரி 4 அன்று. நடுவில், லீக்கோடு சேராத நாக்-அவுட் போட்டியான எஃப்.ஏ. கோப்பையின் வாரம் வந்தது, எவர்டன் அதில் ஏற்கெனவே தோற்று வெளியே போயிருந்தது. அதாவது மாற்றத்துக்காக ஒரு ஆட்டத்தைக்கூட இழக்கவில்லை. தேதியைப் பார்த்துச் செய்தார்களா, தற்செயலாக அமைந்ததா என்பது வேறு விஷயம். லீட்ஸ் மூன்று ஆட்டத்தை இடைக்கால ஏற்பாட்டில் தள்ளியது, எவர்டன் ஒன்றைக்கூட அப்படித் தள்ளவில்லை.

அதைவிட முக்கியம் வந்த ஆள். டைச் கிட்டத்தட்ட பத்து வருடம் பர்ன்லியில் இருந்தவர். 2022 ஏப்ரலில் அங்கிருந்து போனதில் இருந்து வேலையில்லாமல் இருந்தார். யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம், யாருக்கும் நஷ்ட ஈடு கொடுக்க வேண்டாம். எவர்டன் அணியில் அவருடைய பழைய பர்ன்லி ஆட்கள் ஏற்கெனவே இருந்தார்கள்: ஜேம்ஸ் டார்கோவ்ஸ்கி, டுவைட் மெக்நீல், மைக்கேல் கீன்.

முதல் ஆட்டத்துக்கு வந்தது பட்டியலில் முதலிடத்தில் இருந்த ஆர்சனல். 60ஆம் நிமிடம் எவர்டனுக்கு கார்னர். இடது காலால் பந்தை உள்ளே வளைத்துப் போட்டது மெக்நீல். கூட்டத்தில் எல்லாருக்கும் மேலே எழும்பித் தலையால் அடித்தது டார்கோவ்ஸ்கி. 1-0. இவர்கள் இரண்டு பேரும் பர்ன்லியில் இதே மேனேஜரிடம் வருடக்கணக்கில் பழகியவர்கள். புதிதாகக் கற்றுக்கொடுக்க வேண்டிய அவசியமே அந்த ஒரு வாரத்தில் இல்லை, தெரிந்ததை ஞாபகப்படுத்தினால் போதும். புது மேனேஜர் வந்தால் முதல் ஆட்டத்தில் உற்சாகம் வரும் என்பார்கள். அதில் பாதி வெறும் கணக்குதான். அணி ஆக மோசமாக இருக்கும்போதுதான் ஆளை மாற்றுகிறார்கள், அதற்குப் பிறகு யார் வந்தாலும் கொஞ்சம் ஏறத்தான் செய்யும். ஆனால் அந்த கார்னர் அப்படி வந்தது இல்லை. இருக்கிற ஆட்களுக்குப் பொருந்துகிற மேனேஜரைத் தேடியதால் வந்தது.

இன்னொன்று. லாம்பார்ட் காலத்தில் ஓரங்கட்டப்பட்டிருந்த அப்துலயே டூகூரேவை டைச் மறுபடி நடுவில் நிறுத்தினார். மே 28, கடைசி நாள், போர்ன்மத்துக்கு எதிராக 57ஆம் நிமிடம், பெட்டிக்கு வெளியே இருந்து அடித்து எவர்டனைக் காப்பாற்றிய கோல் டூகூரேவுடையது. டைச்சிடம் 18 ஆட்டத்தில் 21 புள்ளி. பார்க்க அழகான ஆட்டமில்லை. மொத்தம் 36 புள்ளி, 17ஆம் இடம்.

ஃபாரஸ்ட்: வைத்துக்கொள்வது என்றால் என்ன

வைத்துக்கொள்வது என்றால் சும்மா இருப்பது என்று பலர் நினைக்கிறார்கள். ஃபாரஸ்டைப் பார்த்தால் அப்படி இல்லை என்பது புரியும்.

23 வருடம் கழித்து மேலே வந்த அணி அது. அந்தக் கோடையில் மட்டும் இருபதுக்கு மேற்பட்ட புது வீரர்களை வாங்கிக் குவித்தது. உடைமாற்றும் அறையில் ஒருவரை ஒருவர் அறிமுகப்படுத்திக்கொள்ளவே ஒரு மாதம் வேண்டும். அக்டோபர் 3 அன்று லெஸ்டரிடம் 4-0 தோற்றுக் கடைசி இடத்துக்குப் போனார்கள். எல்லாரும் கூப்பர் போய்விடுவார் என்று காத்திருந்தபோது, அக்டோபர் 7 அன்று அவருடைய ஒப்பந்தத்தை 2025 வரை நீட்டினார்கள்.

பிப்ரவரி 5 அன்று லீட்ஸைத் தோற்கடித்த பிறகு ஃபாரஸ்ட் என்ன ஆனது தெரியுமா? 11 லீக் ஆட்டம் தொடர்ந்து வெற்றியில்லை. மார்ஷை அனுப்பியது ஏழு ஆட்டத்துக்கு. ஏப்ரல் 4 அன்று அதே லீட்ஸிடம் 2-1 என்று தோற்றபோது ஃபாரஸ்ட் உரிமையாளர் மரினாகிஸ் வெளிப்படையாக அறிக்கை விட்டார்: கூப்பர் தொடர்வார், ஆனால் ஆட்டமும் முடிவுகளும் உடனே மாற வேண்டும். அந்த மாதமே விளையாட்டு இயக்குநர் வெளியே போனார். அதாவது எதையாவது மாற்றியாக வேண்டும் என்ற நெருக்கடியில், வீரர்கள் தினமும் முகம் பார்க்கிற ஆளை மட்டும் தொடாமல் விட்டார்கள்.

ஏப்ரல் 26இல் பிரைட்டனை 3-1 என்று வென்றார்கள். மே 20 அன்று ஆர்சனலை சொந்த மைதானத்தில் 1-0 என்று வென்று தப்பித்தார்கள். 38 புள்ளி, 16ஆம் இடம். சீசன் முழுவதும் வெளியூரில் ஒரே ஒரு வெற்றிதான், உள்ளூர் ரசிகர்கள்தான் தாங்கிப் பிடித்தார்கள். அந்த ரசிகர்கள் கூப்பரின் பெயரைக் கடைசி வரை பாடினார்கள். லீட்ஸில் மார்ஷுக்கு அந்த ஆதரவு இல்லை. வெளியூர் ஆட்டங்களுக்குப் போன லீட்ஸ் ரசிகர்களே அவருக்கு எதிராகக் கோஷம் போட ஆரம்பித்திருந்தது. வைத்துக்கொள்ளும் வழி யாருக்கு வேலை செய்யும் என்று கேட்டால், நான் முதலில் பார்ப்பது கேலரியில் இருக்கும் ஜனத்தைத்தான். அவர்கள் முகம் திரும்பிவிட்டால் இந்த வழி ரொம்பக் கஷ்டம்.

லெஸ்டர் விஷயத்தை விரைவாகவே சொல்லிவிடலாம். பிரெண்டன் ராட்ஜர்ஸ் 2021இல் எஃப்.ஏ. கோப்பை வாங்கிக் கொடுத்தவர், அந்த மரியாதையில் நாள் நாளாகத் தள்ளிப்போட்டார்கள். ஏப்ரல் 1 அன்று கிரிஸ்டல் பேலஸிடம் இஞ்சுரி டைமில் கோல் வாங்கித் தோற்ற பிறகு, மறுநாள் பிரிந்தார்கள். மிச்சம் 10 ஆட்டம். உள்ளே இருந்த உதவியாளர்கள் இரண்டு ஆட்டம் பார்த்தார்கள், இரண்டும் தோல்வி. எட்டு ஆட்டத்துக்கு டீன் ஸ்மித். அவர் எடுத்தது 9 புள்ளி. கெட்ட கணக்கு இல்லை, ஆனால் தாமதம். 34 புள்ளியோடு 18ஆம் இடம்.

ஆனாலும் ஒரு காட்சியை விட்டுவிட முடியாது. மே 1 அன்று லெஸ்டர் மைதானத்தில் எவர்டன். லெஸ்டர் 2-1 முன்னிலை. இடைவேளைக்குச் சற்று முன் பெனால்டி. பந்தை வைத்தது ஜேம்ஸ் மேடிசன். எவர்டன் கீப்பர் ஜோர்டன் பிக்ஃபோர்டின் தண்ணீர் பாட்டிலில் யார் எந்தப் பக்கம் அடிப்பார் என்ற குறிப்பு ஒட்டியிருந்தது, மேடிசன் பெரும்பாலும் நடுவில் அடிப்பவர் என்று. பிக்ஃபோர்ட் பாயவில்லை, நடுவிலேயே நின்றார். மேடிசன் நடுவிலேயே அடித்தார். தடுத்தாயிற்று. ஆட்டம் 2-2. அந்த பெனால்டி உள்ளே போய் லெஸ்டர் வென்றிருந்தால் கடைசிக் கணக்கு லெஸ்டர் 36, எவர்டன் 35. இறங்கியிருக்க வேண்டியது எவர்டன். டைச் வந்தது தப்பு என்று இன்றைக்கு எழுதிக்கொண்டிருப்போம்.

இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், மேனேஜர் முடிவுகளை ஒப்பிடும்போது யார் தப்பினார்கள் என்பதை மட்டும் வைத்து அளக்கக் கூடாது. முடிவெடுத்த அன்று கையில் என்ன இருந்தது, என்ன தெரிந்தது என்று பார்க்க வேண்டும். அப்படிப் பார்த்தாலும் எவர்டனின் ஜனவரி முடிவு நல்ல முடிவு. லீட்ஸின் பிப்ரவரி முடிவு மோசமான முடிவு.

கிராசியாவும் மே மாதமும்

பிப்ரவரி 21 அன்று லீட்ஸுக்கு வந்தவர் ஹாவி கிராசியா, 2019இல் வாட்ஃபோர்டை எஃப்.ஏ. கோப்பை இறுதி வரை கொண்டுபோன அமைதியான ஸ்பானியர். அவரைத் திட்டுபவர்கள் ஒரு கணக்கைப் பார்ப்பதில்லை. முதல் ஆறு லீக் ஆட்டத்தில் 10 புள்ளி. சவுத்தாம்ப்டனை வென்றார், உல்வ்ஸை அவர்கள் ஊரில் 4-2 என்று வென்றார், ஃபாரஸ்டை வென்றார். ஏப்ரல் 4 இரவு லீட்ஸுக்கு 29 ஆட்டத்தில் 29 புள்ளி. இந்த வேகத்தில் போயிருந்தால் தப்பியிருப்பார்கள்.

மிச்சமிருந்த ஒன்பது ஆட்டத்தில் 2 புள்ளி.

என்ன நடந்தது? நடுக்களத்தைத் தாங்கிய டைலர் ஆடம்ஸ் மார்ச் மாதம் தொடையில் அடிபட்டு உட்கார்ந்தார், அந்த சீசனில் திரும்ப வரவில்லை. ஏப்ரல் 9 அன்று எல்லண்ட் ரோட்டில் கிரிஸ்டல் பேலஸ். லீட்ஸ் 1-0 முன்னிலை, நன்றாகவே ஆடிக்கொண்டிருந்தது. இடைவேளை விசில் ஊதப்போகும் நேரத்தில் பேலஸ் ஒன்றைத் திருப்பியது. இடைவேளைக்குப் பிறகு நான்கு. 5-1. எட்டு நாள் கழித்து அதே மைதானத்தில் லிவர்பூல் 6-1. போர்ன்மத்தில் 4-1. அந்த ஏப்ரலில் வாங்கிய கோல் 23. பியெல்சா போவதற்குக் காரணமான அந்த 20ஐயும் தாண்டிய எண்ணிக்கை, பிரீமியர் லீக்கில் எந்த அணியும் ஒரே மாதத்தில் அவ்வளவு வாங்கியதில்லை.

மார்ஷின் நெருக்கிப் பிடிக்கும் ஆட்டத்துக்கு வாங்கிய வீரர்கள், கிராசியாவின் பின்வாங்கி நிற்கும் ஆட்டத்துக்குள் எட்டு வாரமாக முழுதும் பொருந்தவில்லை என்பதுதான் என் அபிப்பிராயம். அடி விழும்வரை தெரியவில்லை. விழுந்ததும் எந்த முறைக்குத் திரும்புவது என்று ஒருவருக்கும் தெரியவில்லை.

மே மாதத் தொடக்கத்தில் கால்பந்து இயக்குநர் விக்டர் ஓர்ட்டா போனார், அடுத்த நாளே கிராசியா போனார், 68 வயது அலர்டைஸ் வந்தார். அலர்டைஸ் சின்ன ஆள் இல்லை. சண்டர்லாந்து, பேலஸ் என்று மூழ்கவிருந்த அணிகளை மேலே இழுத்தவர். ஆனால் அங்கெல்லாம் அவருக்கு மாதக்கணக்கில் நேரம் இருந்தது. இங்கே 25 நாள். செய்ய முடிந்ததைச் செய்தார். கோல்கீப்பர் மெஸ்லியரை உட்காரவைத்து ஜோயல் ரோப்லஸை நிறுத்தினார். சிட்டியிடம் 2-1 என்று கௌரவமாகத் தோற்றார்கள். நியூகாசிலுக்கு எதிராக 1-0 முன்னிலையில் இருந்தபோது கிடைத்த பெனால்டியை பாம்ஃபோர்ட் கோட்டைவிட்டார், ஆட்டம் 2-2. வெஸ்ட் ஹாமிடம் 3-1. கடைசி நாள் டாட்டன்ஹாமோடு எல்லண்ட் ரோட்டில், இரண்டாம் நிமிடமே ஹாரி கேன் கோல் போட்டார், 4-1.

லீட்ஸ் 31 புள்ளி, 19ஆம் இடம். மார்ஷ் 20 ஆட்டத்தில் 18, ஸ்குபாலா 3இல் 1, கிராசியா 11இல் 11, அலர்டைஸ் 4இல் 1. ஒரு ஆட்டத்துக்கு எவ்வளவு என்று பார்த்தால் கிராசியாதான் முதலிடம். அவரைத்தான் கடைசி நான்கு ஆட்டத்துக்கு முன்னால் அனுப்பினார்கள்.

அப்படியானால் தீயணைப்புக்கு ஆள் கூப்பிடுவதே தப்பா? இல்லை. அதே சீசனில் கிரிஸ்டல் பேலஸ் அதைச் சரியாகச் செய்தது. 2023இல் ஒரு வெற்றிகூட இல்லாமல் இருந்த பேட்ரிக் வியெராவை மார்ச்சில் அனுப்பிவிட்டு, 75 வயது ராய் ஹாட்ஜ்சனைக் கூப்பிட்டார்கள். அவர் அதற்கு முன் நான்கு வருடம் அதே அணியில் இருந்தவர், பாதி வீரர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். 10 ஆட்டத்தில் 18 புள்ளி. லீட்ஸை 5-1 என்று உடைத்தது அவருடைய இரண்டாவது ஆட்டம். டைச்சுக்கும் ஹாட்ஜ்சனுக்கும் பொதுவானது வயதோ புகழோ இல்லை. உள்ளே இருந்த ஆட்களை இரண்டு பேருக்கும் ஏற்கெனவே தெரியும்.

நீண்ட காலத் திட்டத்தோடு புது ஆளைக் கொண்டுவருவதும் நடக்காத காரியம் இல்லை, நேரம் கிடைத்தால். உலகக் கோப்பைக்காக 2022 நவம்பர் நடுவில் லீக் ஆறு வாரம் நின்றது. அந்த இடைவெளியை இரண்டு அணிகள் பயன்படுத்தின. கடைசி இடத்தில் 10 புள்ளியோடு இருந்த உல்வ்ஸுக்கு ஹுலன் லோபெதேகி வந்தார். ஆறு வாரப் பயிற்சி, ஜனவரியில் அவர் கேட்ட வீரர்கள். மிச்ச 23 ஆட்டத்தில் 31 புள்ளி, 13ஆம் இடம். சவுத்தாம்ப்டன் அதே வாரத்தில் ரால்ஃப் ஹாசன்ஹுட்டிலை அனுப்பிவிட்டு, கீழ் லீக்கில் இருந்த லூட்டனில் இருந்து நேதன் ஜோன்ஸைக் கூப்பிட்டது. எட்டு லீக் ஆட்டத்தில் ஒரே வெற்றி, 95 நாளில் வேலை போனது. அடுத்து வந்த ரூபன் செல்லஸ் முதல் ஆட்டத்திலேயே செல்சியை வென்றார். அப்புறம் அவராலும் முடியவில்லை. 25 புள்ளி, கடைசி இடம். நேரம் ஒன்றுதான், பலன் எதிரெதிர். லோபெதேகி ஸ்பெயின் தேசிய அணியையும் ரியல் மாட்ரிட்டையும் பார்த்தவர். அவர் சொன்னதை முதல் நாளில் இருந்தே வீரர்கள் கேட்டார்கள். ஜோன்ஸ் ஒவ்வொரு நாளும் தன்னை நிரூபிக்க வேண்டியிருந்தது.

நான் அந்த மேசையில் இருந்தால்

லீட்ஸுக்கு மாற்ற வேண்டும் என்ற சந்தேகம் இருந்திருந்தால் அதற்கான நேரம் நவம்பர் 12 முதல் டிசம்பர் கடைசி வரையிலான அந்த ஆறு வாரம். அப்போது 14 ஆட்டத்தில் 15 புள்ளி, ஆன்ஃபீல்டில் வென்ற சூடு ஆறவில்லை. யாரும் கையை நீட்டியிருக்க மாட்டார்கள், நானும் நீட்டியிருக்க மாட்டேன். அது புரிகிறது.

இரண்டாவது நேரம் ஜனவரி முதல் வாரம், பணத்தைச் செலவு செய்வதற்கு முன். டைச் அப்போது வீட்டில்தான் இருந்தார், ஜனவரி 30 வரை. ஆனால் அவருக்குப் பொருந்துகிற வீரர்கள் லீட்ஸில் குறைவு. எவர்டனில் கிடைத்தது இங்கே கிடைத்திருக்காது. இருந்தும் வோபர், ரட்டர், மெக்கெனி மூவருக்கும் பதிலாக அவர் கேட்கிற ஆட்களை வாங்கியிருக்கலாம்.

பிப்ரவரி 6 அன்று? அடுத்தவர் கையெழுத்துப் போடாத வரைக்கும் மார்ஷை அனுப்பியிருக்க மாட்டேன். அவருடைய வேகத்தில் போனால் சீசன் முடிவில் 34 புள்ளி வரும், தப்ப 35 வேண்டும், அதாவது கத்தி முனையில்தான் இருப்போம் என்று தெரிந்தே அதைச் சொல்கிறேன். மார்ஷ் போன பிறகு ஸ்குபாலா பார்த்த அந்த மூன்று ஆட்டத்தில் ஒன்று எவர்டனோடு என்பது காலண்டரில் அச்சாகி இருந்தது. எந்த ஆட்டத்தையும் காலி நாற்காலியோடு ஆடலாம், அந்த ஒன்றை மட்டும் ஆடக் கூடாது.

மே 3 அன்று கிராசியாவைத் தொட்டிருக்கவே மாட்டேன். அன்றைக்கும் லீட்ஸ் கீழ் லீக்குக்கு இறங்கும் கோட்டுக்கு மேலேதான் இருந்தது.

அதற்கப்புறம் லீட்ஸ் டேனியல் ஃபார்கேயைக் கூப்பிட்டது. 2024 மே மாதம் லண்டன் வெம்ப்ளி மைதானத்தில், மேலே வரும் கடைசி இடத்துக்கான ப்ளேஆஃப் இறுதி ஆட்டத்தில் சவுத்தாம்ப்டனிடம் 1-0 என்று தோற்று, மேலே வரும் வாய்ப்பை இழந்தது. ஆளை மாற்றச் சொல்லிக் குரல்கள் எழுந்தன, இந்த முறை மாற்றவில்லை. அடுத்த சீசனில் 100 புள்ளி எடுத்து சாம்பியன்ஷிப் பட்டத்தோடு மேலே வந்தார்கள். அன்றைக்கு வெம்ப்ளியில் வென்று மேலே போன சவுத்தாம்ப்டன், அதே சீசனில் டிசம்பரில் ஒரு மேனேஜரையும் ஏப்ரலில் இன்னொருவரையும் இழந்து, 12 புள்ளியோடு திரும்பி வந்தது.